பச்சை லைட்டை நம்பாதவள்

நேரில் அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். மனதுக்குள் எப்போதும் வெறும் 'அவள்'தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மரியாதை போதாது என்று யாராவது குறைப்பட்டால் படட்டும். என் கணவரின் பல்வலியை எனக்கு முன்னால் தெரிந்துகொண்ட ஒருத்திக்கு இதற்கு மேல் மரியாதை கொடுக்க எனக்கு வராது.

வெள்ளவத்தையில், காலி வீதியோரம் ஒரு கட்டிடத்தின் மேல்மாடியில் எங்கள் கண்காணிப்பு அறை இருந்தது. கொழும்பு நிலத்துக்கடியில் எங்கள் கம்பனி கண்ணாடி இழைக் கேபிள் போட்டு வைத்திருந்தது. வெள்ளவத்தையில் தொடங்கி, கொட்டாஞ்சேனை, ஒருகொடவத்தை என்று சுற்றித் திரும்ப வெள்ளவத்தைக்கே வருகிற ஒரு வளையம். தொலைபேசிக் குரலுக்காகக் கட்டியது அது. ஒரே அளவுப் பெட்டிகள் ஒரே வேகத்தில் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அமெரிக்கப் புத்தகங்களில் அதற்கு சொனெட் என்று பேர். எங்கள் நாட்டுக்கு வந்த இயந்திரங்களில் வேறு பேர் ஒட்டியிருந்தது, சங்கதி ஒன்றுதான்.

யுத்தம் திரும்பத் தொடங்கிய அந்த வருடங்களில் வங்கிகளும் கப்பல் கம்பனிகளும் தங்கள் கம்பியூட்டர்களை இணைத்துத் தரச் சொல்லிக் கேட்டார்கள். கம்பியூட்டர்கள் பேசுவது ஈதர்நெட்டில். அது குரல் மாதிரி ஒழுங்காக வராது. ஒரு நேரம் குவிந்து வரும், இன்னொரு நேரம் ஒன்றுமே வராது. வருகிறதை உறை போட்டு, வளையத்தில் ஓடும் பெட்டிகளுக்குள் அடுக்கி அனுப்புவோம். அனுப்ப ஒன்றும் இல்லாவிட்டால் இயந்திரம் தானாகவே வெற்று உறைகளைப் போட்டு நிரப்பிவிடும். அதனால் வெளியிலிருந்து பார்த்தால் எந்த நேரமும் எல்லாம் ஓடுகிற மாதிரித்தான் இருக்கும்.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. வெள்ளவத்தையில் வங்கியின் கேபிளை எங்கள் பெட்டியில் செருகினால் ஒரு பச்சை லைட் எரியும். ஒருகொடவத்தையில் மற்றக் கேபிளைச் செருகினால் அங்கேயும் எரியும். ஆனால் ஒருகொடவத்தைக் கேபிளை யாராவது கழற்றிவிட்டால் வெள்ளவத்தை லைட் அணையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தனக்கும் தன் பெட்டிக்கும் நடுவில் உள்ள ஒரு முழக் கேபிள்தான். வளையமும் ஓடும், எங்கள் திரையும் பச்சையாக இருக்கும், அந்தப் பக்கத்தில் ஆளே இருக்காது.

அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்க லைட்டையும் சேர்த்து அணைத்துவிடுகிற வசதி ஒன்று அந்தப் பெட்டிகளில் இருந்தது. அதை எல்லா இணைப்புக்கும் போடவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். எங்கள் மனேஜர் நல்ல மனுசன், முறைப்பாடு என்றால் மட்டும் பயப்படுகிறவர். ஒரு பக்கம் அணைந்தால் ஒரு முறைப்பாடு, இரண்டு பக்கமும் அணைந்தால் இரண்டு முறைப்பாடு என்பது அவர் கணக்கு.

"அங்க போனா இங்கயும் போகவேணும், சேர். அதுதான் மரியாதை," என்றாள் அவள்.

மனேஜர் சிரித்துவிட்டு வேண்டாம் என்றார். அவளும் சண்டைக்குப் போகவில்லை. அன்றிலிருந்து டெலிபோனைக் கையில் எடுத்தாள்.

காலையில் வந்து கைப்பையை மேசைக் காலோடு சாய்த்து வைத்ததும் அதுதான் முதல் வேலை. ஒவ்வொரு முனைக்கும் எடுப்பாள். எடுக்கும்போது எழும்பி நிற்பாள், யாரோ பெரிய மனிதர் அறைக்குள் வந்த மாதிரி. ஏன் நிற்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"நிண்டு கதைச்சா மற்றாளின்ர கதை மட்டும் வரும், பிள்ளை. கதிரையில இருந்தா என்ர கதையும் சேந்து வந்திடும்," என்றாள்.

ஒருகொடவத்தையில் ஒரு களஞ்சியத்துப் பொடியனோடு சிங்களத்தில் பேசுவாள். "மல்லி, லைட் எக்க பத்துவெனவாத?", தம்பி லைட் எரியுதா, என்று தொடங்கினால், அவன் தங்கை பரீட்சை எழுதிவிட்டாளா என்பதில் போய் முடியும். எங்கள் கொட்டாஞ்சேனை அறைக் காவலாளியின் தாய் களுபோவில ஆஸ்பத்திரியில் எந்த வார்டில் கிடக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். ஒருநாள் ஒரு கப்பல் கம்பனி இணைப்பு வேலை செய்யவில்லை என்று வெள்ளவத்தையிலிருந்து கத்தினார்கள். நான் திரையைப் பார்த்தேன், எல்லாம் பச்சை. பிழை உங்கள் கம்பியூட்டரில்தான் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் அந்தப் பக்கத்துக்கு எடுத்தாள். தரை கூட்ட வந்த பெண் மின்விசிறி போடுவதற்காக எங்கள் பெட்டிக்குப் பக்கத்து வயர்களை இழுத்ததில் கேபிள் கழன்று கிடந்ததாம். அதைத் திருப்பிச் செருகவைத்துவிட்டு, அந்தப் பெண்ணுக்கு வேர்வைக்குரு எப்படி என்றும் கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தாள்.

ஒன்றைச் சொல்லவேண்டும். வேலையில் நான்தான் கெட்டிக்காரி. உறைகளை எப்படி அடுக்குவது, வளையம் அறுந்தால் மறுபக்கத்தால் எப்படித் திருப்புவது எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் கையேட்டைப் புரட்டிப் புரட்டித்தான் செய்வாள், சில நேரம் என்னிடம் வந்து கேட்பாள். அதனால் என் பொறாமை வேலையைப் பற்றியது அல்ல.

கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் இயந்திர அறை இருந்தது. அங்கே வேலை செய்தவர் என் கணவர். அவள் வீடும் கொட்டாஞ்சேனைதான். அங்கிருந்து பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வருவாள். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து இவர் கொட்டாஞ்சேனைக்குப் போவார். இரண்டு பேரின் பஸ்ஸும் வழியில் ஒன்றையொன்று தாண்டியிருக்கும். அதை நினைத்தும் எரிந்திருக்கிறேன்.

வேலை நேரத்தில் புருசனும் பெண்சாதியும் கம்பனி லைனில் கொஞ்சிக்கொண்டிருக்கக்கூடாது என்று நான்தான் சட்டம் போட்டிருந்தேன். ஆகவே தினமும் என் கணவரோடு என் காதுக்குப் பக்கத்தில் நின்று கதைத்தது அவள். எனக்குக் கேட்டது இந்தப் பக்கம் மட்டும்.

"தம்பி, லைட் எல்லாம் எரியுதோ? ... ஓம். ... என்ன, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு? பல்லு இன்னும் குத்துதோ?"

என் கை மவுசிலேயே நின்றுவிட்டது. எந்தப் பல்லு?

"உப்புத்தண்ணியில கொப்புளிச்சனியளோ? ... அது சரிவராது தம்பி, டொக்டரிட்டக் காட்டுங்கோ."

அன்று பின்னேரம் வீட்டுப் படியேறி வந்தவரைச் சப்பாத்துக் கழற்றவும் விடவில்லை.

"பல்லு வலிக்குதெண்டு எனக்கேன் சொல்லேல்ல?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கோபமும் இல்லை, குற்றம் சொல்கிற முகமும் இல்லை.

"நீர் கேக்கேல்லையே," என்றார்.

உண்மைதான், நான் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் நாங்கள் கதைத்ததெல்லாம் வாடகை, பொலிஸ் பதிவு, எந்த ஒழுங்கையில் சுற்றிவளைப்பு, யாருக்கு விசா கிடைத்தது. எதிரே இருந்து ஒரு பக்கத்தால் மட்டும் சப்பிக்கொண்டிருந்த மனிதனை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். ஆள் இருக்கிறார், சாப்பிடுகிறார், எல்லாம் பச்சை.

அவளுக்கு அவர் தம்பி, அவருக்கு அவள் அக்கா. வயதிலும் அவள் எங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் மூப்பு. சந்தேகப்பட அதில் ஒன்றுமில்லை, நானும் சந்தேகப்படவில்லை. சந்தேகமாக இருந்திருந்தால் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போட்டு முடித்திருப்பேன். இது வெறும் பொறாமை. என் வீட்டுச் சாமானை யாரோ என்னைவிட நன்றாகத் துடைத்து வைக்கிறார்களே என்கிற வயிற்றெரிச்சல்.

பிறகு நானும் விட்டேனா? தினமும் கேட்கத் தொடங்கினேன். பல் எப்படி, வயிறு எப்படி, குரல் ஏன் இப்படி. நாலாம் நாள் அவர் பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தி, "என்ன, அக்கா கேக்கச் சொன்னவவோ?" என்றார். அதோடு கேட்பதை விட்டேன்.

அவளுக்கு ஏன் இந்தப் பழக்கம் என்று அறையில் பல கதைகள் உலாவின. தமையன் ஒருவர் யாழ்ப்பாணத்தில் காணாமல் போனார் என்றார்கள். கலியாணம் பேசிய மாப்பிள்ளை என்றும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. கேட்டால் இரக்கம் வந்துவிடும், இரக்கம் வந்தால் பொறாமைப்பட வசதிப்படாது.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் காலை வந்தது.

வழக்கம்போல அவள் எழும்பி நின்று கொட்டாஞ்சேனைக்கு எடுத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. திரும்ப எடுத்தாள். அவர் கைபேசிக்கும் எடுத்தாள். பதில் இல்லை.

"தம்பி எடுக்கிறாரில்லை," என்றாள்.

நான் திரையைப் பார்த்தேன். கொட்டாஞ்சேனை அறை, அங்கிருந்து போகிற எல்லா இணைப்பும் பச்சை. "ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா, எல்லாம் ஓடுது. தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார்," என்றேன். சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டுமே இப்படி ஒரு பிழை விடுவார்கள். பெட்டியில் லைட் எரிந்தால் அதற்குப் பக்கத்தில் இருக்கிற மனிதனும் நன்றாக இருப்பான் என்று நினைப்பது.

அவள் கதிரையில் உட்காரவில்லை. கட்டிடத்துக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவருக்கு, எல்லாருக்கும் அவர் நானா, எடுத்தாள். அவர் இலக்கமும் அவளிடம் இருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றவள், "நானா, அவரின்ர மிஸிஸ் இஞ்சதான் இருக்கிறா. நீங்களே சொல்லுங்கோ," என்று ரிசீவரை என் கையில் வைத்தாள்.

"மகள், பயப்பட வாணாம்," என்றார் அந்த மனிதர். "ரோட்ட மறிச்சு செக் பண்ணின. கார்ட் இல்லாத ஆக்கள எல்லாம் ட்ரக்ல ஏத்திட்டுப் போன. ஒங்கட ஹஸ்பன்ட் பாமசிக்குப் போக எறங்கி வந்த. கன்னத்தப் புடிச்சிக்கிட்டு வந்த, அவரயும் ஏத்தின."

பல்லுக்குத்துத் தாங்காமல், எதிரில்தானே மருந்துக்கடை என்று அடையாள அட்டையையும் கைபேசியையும் மேசையில் வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். அந்தக் காலத்தில் குளிக்கப் போகிற தமிழனும் அட்டையைக் கொண்டுபோவான்.

அவள் என் கையைப் பிடித்துப் படியிறக்கி, முச்சக்கர வண்டி பிடித்தாள். வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அவள்தான் கதைத்தாள். கொட்டாஞ்சேனையில் காவலாளி அவளைக் கண்டதும் ஒரு கேள்வி கேட்காமல் அறையைத் திறந்துவிட்டான். நான் போயிருந்தால் மனேஜரின் அனுமதி கேட்டிருப்பான். மேசையில் அட்டை கிடந்தது. பெட்டிகளில் வரிசையாகப் பச்சை லைட்டுகள் சிமிட்டிக்கொண்டிருந்தன. அன்றைக்குத்தான் அவற்றைப் பார்க்க எனக்கு முதன்முதலாக அருவருப்பாக இருந்தது.

நானாவிடம் இடம் கேட்டுப் போய், பிடித்தவர்களை வைத்திருந்த பொலிஸ் நிலையத்தின் வாசலில் என்னை மதிலோரமாக நிற்கச் சொன்னாள். "நீர் அழுதுகொண்டு வந்தா அவங்கள் வேற மாதிரி நினைப்பாங்கள்," என்றாள். அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "மேயா அபே ஒபிஸ் எக்கே, மாத்தயா," இவர் எங்கள் ஒபிஸ் ஆள், என்று அவள் நிதானமாகச் சொல்வது வாசல்வரை கேட்டது. பிறகு சத்தம் குறைந்துவிட்டது. நான் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வரவேண்டும், முழுசாக வரவேண்டும் என்பதைத் தவிர எனக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வெயில் மதிலை விட்டு இறங்கிய பிறகு ஒரு பொலிஸ்காரன் என்னை உள்ளே கூப்பிட்டான். வாங்குப் பலகையில் என் கணவர் இருந்தார். அவருக்கு அடி விழவில்லை. அவள் பக்கத்தில் நின்றாள். அவர் கையில் அவள் வாங்கிக் கொடுத்த பனிஸ் ரொட்டி ஒன்று. அவள் பாலில்லாத பிளேன்ரீக் கிளாஸைப் பிடித்துக்கொண்டிருக்க, அவர் அந்தப் பனிஸைத் தோய்த்துத் தோய்த்து நோகாத பக்கத்தால் சப்பிக்கொண்டிருந்தார்.

கடவுளே என்று கும்பிட்டிருக்கவேண்டும். கும்பிடவும் செய்தேன். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், அவரைக் காண முன்னம் என் கண்ணில் பட்டது அந்தப் பனிஸ்.

அவர் நிமிர்ந்து பார்த்து, "நீர் ஏன் வந்தனீர்? அக்கா வந்திட்டாதானே," என்றார்.

எனக்கு ஆபத்து வந்துவிடக்கூடாது என்ற பயத்தில் சொன்னார் என்று எல்லாருக்கும் விளங்கும், எனக்கும் விளங்கியது. விளங்கியும் அது என் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. நன்றி சொல்ல வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் என்று அவளிடம் ஒன்றும் சொல்லாமல் வந்தேன். மறுநாள் பல் டொக்டரிடம் அவரை நானே இழுத்துக்கொண்டு போனேன். பல்லைப் பிடுங்குகிற வரைக்கும் அறைக்குள்ளேயே நின்றேன்.

அடுத்த வருடம் அவள் லண்டனில் இருந்த தங்கையிடம் போனாள். கேக் வெட்டினோம். மனேஜர் பேசும்போது கண்கலங்கினார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த நாள் காலை அவள் மேசையில் டெலிபோன் அடித்தது. நான் எழும்பிப் போய் எடுத்தேன்.

"அக்கா?" என்றது என் கணவரின் குரல். அவள் போனது தெரிந்தும், வழக்கமான நேரத்துக்கு மணி அடிக்காததால் பழக்கத்தில் தானே எடுத்திருக்கிறார்.

"நான்."

"ஓ, நீரா."

அந்த 'ஓ'வை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"லைட் எரியுதோ?" என்று கேட்டேன்.

"எரியுது."

"வேற?"

"வேற என்ன?"

அவள் அதற்குப் பிறகு எவ்வளவோ கதைப்பாள். எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. போனை வைத்தோம். பின்னேரம் கடற்கரைப் பக்கம் நடக்கும்போது, இவ்வளவு காலமும் அவள் தன்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

அவர் யோசித்துக்கொண்டே நடந்தார். "அவ தன்ர கதை ஒண்டும் சொன்னதில்லை," என்றார். "நானும் கேக்கேல்ல."

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். என்னை மட்டும் அல்ல, அவளையும் இவர் கேட்கவில்லை. அந்தச் சந்தோஷம் வீடு வரைக்கும் தாங்கவில்லை. ஒருகொடவத்தைப் பொடியன், நானா, காவலாளி, அந்தக் கூட்டுகிற பெண் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். அத்தனை காலமும் பக்கத்து மேசையில் இருந்து இந்தப் பக்கத்துப் பேச்சைக் கேட்டவள் நான்தான். "நான் சுகம்" என்று அவள் யாருக்காவது பதில் சொல்லி நான் கேட்டதில்லை. பதில் சொல்ல, அந்தப் பக்கத்தில் யாராவது கேட்டிருக்கவேண்டுமே.

மனேஜரிடம் இலக்கம் வாங்கி வைத்தேன். எடுக்க மனம் வராமல் சில மாதங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, இவர் பக்கத்தில் இருக்கும்போதே எடுத்தேன்.

"ஹலோ," என்றாள். என் குரலைக் கேட்டதும் அவள் குரல் மாறியது. "என்ன பிள்ளை, தம்பிக்கு ஏதும்...?"

"அவருக்கு ஒண்டுமில்லை."

"பல்லு எப்பிடி?"

பழைய எரிச்சல் அப்படியே எழும்பி வந்தது. "அதை அப்பவே பிடுங்கியாச்சு அக்கா. நான்தான் கூட்டிக்கொண்டு போனனான்," என்றேன்.

"ஓம், ஓம், மறந்துபோனன். நல்லது. காவலாளியின்ர அம்மா, களுபோவில ஆஸ்பத்திரியில இருந்த மனுசி?"

"தெரியாது. கேட்டுச் சொல்லுறன்." இந்த முறை விடக்கூடாது என்று மூச்சை இழுத்துக்கொண்டேன். "அக்கா, நான் எடுத்தது அதுக்கில்லை. உங்கட பக்கம் லைட் எரியுதோ?"

அவள் சிரித்தாள். சிரிப்பு நடுவில் நின்றுவிட்டது. போன் அறுந்துவிட்டதோ என்று காதை அழுத்திக் கேட்டேன். மூச்சுச் சத்தம் கேட்டது.

"எரியேல்ல, பிள்ளை," என்றாள். "கனகாலம்."

பெயரைச் சொல்லாமலே இவருக்கு யார் என்று விளங்கிவிட்டது. முகம் மலர எழும்பி வந்து, தாரும் என்று கையை நீட்டினார். நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"பொறுங்கோ," என்றேன் அவரிடம். "அக்கா என்னோட கதைக்கிறா."

பிறகு ஒரு கதிரையைக் காலால் இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, "நிண்டுகொண்டோ கதைக்கிறியள்?" என்று அவளைக் கேட்டேன்.

"ஓம்."

"இருங்கோ அக்கா. இருந்துகொண்டு சொல்லுங்கோ."